கடையைச் சாத்தும் உரிமை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஏதோ 'தொப்'பென்று விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால், ஹால் மூலையில் ஓர் இங்கிலீஷ் நாவல் குப்புறக் கிடக்கிறது. சோபாவில் தங்கை மகள். வயசு இருபத்தாறு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்ரைசல் நேரத்தில் மேனேஜரையே கலங்கவைக்கிற பெண். அன்றைக்கு அவள் கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"பதிமூணு புக்கு மாமா! ஒண்ணொண்ணாத் தேடிப் பிடிச்சு வாங்கிப் படிச்சேன். கடைசியில அவ போய் அந்த சாம்கூடச் சேர்ந்துட்டா மாமா!"

யார் இந்த அவள், யார் அந்த சாம் என்று விசாரித்தேன். விசாரித்திருக்கக் கூடாது. சாம்பார் ஆறியது, ரசம் ஆறியது. தங்கை மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தனக்கு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் கதை முடியவில்லை. கடைசியில் பதிமூன்று புத்தகங்களையும் ஒரு துணிப்பையில் திணித்து என் கையில் கொடுத்தாள் பெண்.

"நீங்களே படிச்சிட்டுச் சொல்லுங்க, யார் மேல தப்புன்னு."

படித்துவிட்டேன். தீர்ப்பும் எழுதிவிட்டேன். அது அவளுக்குப் பிடிக்காத தீர்ப்பு. அதனால்தான் நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் இங்கே எழுதுகிறேன்!

*

முதலில் கேஸ் கட்டைப் பிரிப்போம்.

எழுதியவர் ஷார்லேன் ஹாரிஸ். 1951ல் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில், டூனிகா என்ற சிற்றூரில் பிறந்த அம்மணி. 1981ல் முதல் நாவல். அதற்கப்புறம் வரிசையாகத் துப்பறியும் கதைகள். ஐம்பது வயசை நெருங்கும்போது அவருக்கு ஒரு விபரீத யோசனை. கொலை, காதல், ரத்தக்காட்டேரி, கொஞ்சம் சிரிப்பு... நாலையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறினால் என்ன?

கிளறினார். வாங்கத்தான் ஆளில்லை. இதைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று பதிப்பகங்களுக்குப் பிடிபடவில்லை. இரண்டு வருஷம் போல அலைந்த பிறகு, 2001ல் 'டெட் அன்டில் டார்க்' வெளியானது. நல்ல துப்பறியும் பேப்பர்பேக்குக்கான அந்தோணி விருது கிடைத்தது. அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, கணக்குத் தப்பாமல் 2013 வரை. நடுவே, 2008ல் ஹெச்.பி.ஓ. சேனல் 'ட்ரூ பிளட்' என்று அதை டி.வி. தொடராக்க, புத்தகங்கள் எங்கேயோ போய்விட்டன. ஒரே நேரத்தில் நாலைந்து பாகங்கள் பெஸ்ட்செல்லர் பட்டியலில் வரிசை கட்டி நின்றன.

கதை? ஜப்பான்காரர்கள் செயற்கை ரத்தம் கண்டுபிடித்து பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இனி மனுஷனைக் கடிக்க வேண்டிய அவசியம் இல்லை. உலகம் பூராவும் ஒளிந்து வாழ்ந்த ரத்தக்காட்டேரிகள் டி.வி.யில் தோன்றி, 'நாங்களும் இங்கேதான் இருக்கிறோம், எங்களுக்கும் உரிமைகள் வேண்டும்' என்று அறிவித்துவிடுகிறார்கள். லூசியானா மாநிலத்தின் வடக்கே, ஹாரிஸ் கற்பனை செய்த பான் டெம்ப்ஸ் என்ற குட்டி ஊர். அங்கே ஒரு பார். அதில் டேபிள் துடைத்து, பீர் கொடுத்து, டிப்ஸ் வாங்கிப் பிழைக்கிற பெண் சூக்கி ஸ்டாக்ஹவுஸ்.

சூக்கிக்கு ஒரு வியாதி. அடுத்தவர் மனசில் நினைப்பதெல்லாம் அவள் காதில் விழும். வரம் என்று நினைத்துவிடாதீர்கள். காதலனோடு சினிமாவுக்குப் போனால், அவன் தன் இடுப்பைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது டால்பி சவுண்டில் கேட்கும். அதற்குப் பிறகு எங்கே காதலிப்பது? ஊர்க்காரர்கள் அவளை அரைக்கிறுக்கு என்கிறார்கள். ஒருநாள் பாருக்குள் ஓர் ஆள் வந்து உட்காருகிறான். அவன் மனசிலிருந்து சத்தமே இல்லை. நிசப்தம். ரத்தக்காட்டேரியின் மனசை அவளால் கேட்க முடியாது. அவ்வளவுதான், விழுந்துவிட்டாள்!

இந்த ஓர் இடத்துக்காகவே நான் அந்த அம்மணிக்கு ஒரு கும்பிடு போடுவேன். அழகுக்காக, பணத்துக்காக, வீரத்துக்காகக் காதலித்த கதாநாயகிகள் ஆயிரம் பேர். அமைதிக்காகக் காதலித்தவள் இவள்.

*

இங்கே ஒரு கோஷ்டி எழுந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. 'ஏன் சார், எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா? பெண்கள் பொழுதுபோகாமல் படிக்கிற பேய்க் காதல் கதைக்கு ஒரு கட்டுரையா?'

உட்காருங்கள். இந்தத் தொடரில் கதாநாயகிக்குச் சொத்து வரி கட்டக் காசில்லாத கவலை இருக்கிறது. வீட்டுக்குப் போகிற மண்பாதை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று புலம்பல் இருக்கிறது. ஆயிரம் வயது தாண்டிய வைகிங் ரத்தக்காட்டேரி அவளுக்குக் கொடுக்கிற பரிசு என்ன தெரியுமா? வைரம் இல்லை. அந்தப் பாதைக்கு ஜல்லி அடித்துக் கொடுக்கிறான்! அவனுக்கே ஒருசமயம் ஞாபகம் தப்பிப் போய், அவள் வீட்டில் ஒளித்து வைக்க வேண்டிய நிலை. உடனே அவள் அண்ணன் உட்கார்ந்து, 'சரி, இதுக்கு எவ்வளவு தருவீங்க?' என்று பேரம் பேசுகிறான். மாசக் கடைசி என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் எழுதிய கதை இது. பி.காம். படித்தவன் சொல்கிறேன், 'உயர்ந்த இலக்கியம்' என்று மெடல் குத்திய பல நாவல்களில் கதாநாயகன் எதை வைத்து வாடகை கொடுக்கிறான் என்றே தெரியாது.

ஆக, புத்தகத்தின் தரம் பற்றி இந்தக் கோஷ்டியோடு எனக்குச் சண்டை இல்லை. பாவம், அவர்கள் படிக்கவில்லை. என் சண்டை படித்தவர்களோடு. அதுவும் வரி விடாமல் படித்தவர்களோடு.

*

சண்டை எங்கே வந்தது? முடிவில்.

சூக்கியின் வாழ்க்கையில் வருகிற ஆண்கள்: முதலில் பில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்து ரத்தக்காட்டேரி ஆனவன். அப்புறம் எரிக், மேலே சொன்ன ஜல்லி வள்ளல். ஆறடிக்கு மேல் உயரம், தங்க நிற முடி, சொந்தமாக ஒரு நைட் கிளப். வாசகிகளில் பெரும்பாதி இவன் கட்சி. நடுவில் ஓநாயாக மாறுபவன் ஒருவன், புலியாக மாறுபவன் ஒருவன். இத்தனை கூட்டத்துக்கும் பின்னால், முதல் புத்தகத்திலிருந்தே கல்லாவில் நின்றுகொண்டிருக்கிறான் பார் முதலாளி சாம். நினைத்தால் நாயாக மாறக்கூடியவன். மற்ற நேரத்தில், சாதாரண மனுஷனைப் போல பகலில் எழுந்து, வேலை பார்த்து, நரை கண்டு, ஒருநாள் செத்துப்போகப் போகிறவன்.

பதின்மூன்றாவதும் கடைசியுமான 'டெட் எவர் ஆஃப்டர்' 2013 மே மாதம் வெளிவருவதாக இருந்தது. அதற்கு முன்பே ஜெர்மனியில் ஒருவர் கைக்குப் பிரதி போய்ச் சேர்ந்து, முடிவு வெளியே கசிந்துவிட்டது. சூக்கி கடைசியில் சாமோடு போகிறாள்!

அவ்வளவுதான், பூகம்பம். கொடுத்த ஆர்டரை ரத்து செய்தார்கள். புத்தகத்தைப் பிரித்தே பார்க்காதவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டினார்கள். செத்துப்போவேன் என்று எழுதியவர்களும் எழுத்தாளரையே மிரட்டியவர்களும் உண்டு என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. அறுபத்தொரு வயது அம்மாளுக்கு, ஒரு கற்பனைப் பெண்ணை ஒரு கற்பனை ஆணோடு சேர்த்துவைத்த குற்றத்துக்கு, மிரட்டல்!

என் தங்கை மகள் மிரட்டல் ரகம் கிடையாது. புத்தகத்தை வீசி எறிகிற ரகம்தான். ஆனால் அவள் வாதமும் மிரட்டியவர்கள் வாதமும் வேரில் ஒன்று. 'நான் காசு கொடுத்தேன். பதின்மூன்று தடவை கொடுத்தேன். எனக்கு வேண்டிய முடிவைத் தர வேண்டியது அவர் கடமை.'

இந்த வாதத்தைத்தான் நான் அடித்து உடைக்கப்போகிறேன்.

*

காசு கொடுத்தவன் யார்? காமர்ஸ் பாடத்தில் இதற்கு இரண்டு தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஒன்று, வாடிக்கையாளர். இன்னொன்று, பங்குதாரர்.

ஓட்டலில் சாப்பிடுகிறோம். சாம்பாரில் உப்பில்லை என்றால் கத்தலாம். பில்லில் குறைக்கச் சொல்லலாம். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சபதம் போடலாம். எல்லாம் வாடிக்கையாளரின் உரிமை. 'பதின்மூன்று வருஷமா இங்கேதான்யா சாப்பிடறேன், அதனால நாளையிலேருந்து மெனுவை நான்தான் முடிவு பண்ணுவேன். நீ கடையையும் மூடக் கூடாது' என்று கிச்சனுக்குள் நுழைய முடியுமா? முடியாது. பதின்மூன்று வருஷச் சாப்பாட்டுக்கான ரசீது, பதின்மூன்று வருஷச் சாப்பாடு. அது வயிற்றுக்குள் போய் ஜீரணமும் ஆகிவிட்டது. கணக்கு நேராகிவிட்டது.

நாம் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். அதிக நாள் வாங்கினால் சொந்தக்காரர் ஆகிவிட்டோம் என்று நினைப்பு. குழப்பத்துக்கு வாசகரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 'இது உங்கள் கதை, உங்கள் உலகம்' என்று விளம்பரத்துக்கு விளம்பரம் சொல்லிச் சொல்லி விற்றவர்கள் யார்? எந்த ஆணைப் பிடிக்கும் என்று வாசகிகளைக் கட்சி பிரித்து, கட்சிக்கொரு சட்டை விற்றவர்கள் யார்? வியாபாரிகள்தான். ஆசை காட்டியவர்கள் லாபத்தோடு ஒதுங்கிக்கொண்டார்கள். அடி வாங்கியது எழுதியவர்.

*

இன்னொரு பாடம். பி.காம். முதல் வருஷம் அக்கவுன்டன்சியில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஒன்று வரும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை இந்த வியாபாரம் நடந்துகொண்டே இருக்கும், மூடப்படாது என்று வைத்துக்கொண்டு கணக்கெழுத வேண்டும் என்பார்கள். கடைக்கு, மில்லுக்கு, பேங்குக்குச் சரி.

அதற்கு முன்னால் வேறொரு முறை இருந்தது. நாலு பேர் காசு போட்டு ஒரு கப்பலை அனுப்புவார்கள். கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று, லாபத்தைப் பிரித்து, அந்தக் கணக்கை அன்றோடு மூடிவிடுவார்கள். அடுத்த பயணத்துக்கு அடுத்த பேரேடு. கிழக்கிந்தியக் கம்பெனியே ஆரம்ப வருஷங்களில் இப்படிப் பயணத்துக்கொரு தனிக் கணக்குதான் வைத்திருந்தது.

கதை என்பது கப்பல் பயணம். கரை சேர்ந்தால்தான் அதற்குக் கணக்கே உண்டு. அதைக் கோயிங் கன்சர்னாக மாற்றியது பதிப்பு வியாபாரம். முதல் பாகம் விற்றால் இரண்டாவது. இரண்டாவது விற்றால் இருபதாவது.

இது இன்றைக்கு வந்த நோயும் அல்ல. ரத்தக்காட்டேரிக் கதைகளுக்கு இந்தச் சாபம் பிறவியிலேயே இருக்கிறது. எல்லாரும் டிராகுலாவைச் சொல்வார்கள். அது 1897. அதற்கு ஐம்பது வருஷம் முன்பே, 1845லிருந்து 1847 வரை, லண்டனில் 'வார்னி தி வாம்பயர்' என்று ஒரு தொடர்கதை வந்தது. வாரம் ஒரு பென்னி. வாசகர்கள் அள்ளிக்கொண்டு போனதால் நீட்டினார்கள், நீட்டினார்கள், இருநூறு அத்தியாயம் தாண்டி நீட்டினார்கள். வார்னி எப்படி ரத்தக்காட்டேரி ஆனான் என்பதற்கே கதைக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத விளக்கங்கள். எழுதியவருக்கே மறந்துவிட்டது போல! கடைசியில் வார்னி என்ன செய்தான் தெரியுமா? வாழ்க்கை வெறுத்துப்போய், இத்தாலியில் வெசூவியஸ் எரிமலைக்குள் குதித்துவிட்டான். அந்த நீளமான தொடர்கதையைப் பார்த்துவிட்டு, அவன் செய்தது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் கானன் டாயல் 1893 டிசம்பரில் அவரை அருவியில் தள்ளிவிட்டார். ஹோம்ஸ் எழுதி எழுதி அலுத்துப்போய், சரித்திர நாவல் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. வாசகர்கள் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள், வசைக் கடிதங்கள் போட்டார்கள். 1903ல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். 1927 வரை உழைத்தார். திரும்பி வந்த பிறகும் நல்ல கதைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் டாயல் எழுத ஆசைப்பட்ட நாவல்களை இன்றைக்கு எத்தனை பேர் கையில் பார்க்கிறீர்கள்? அந்த மனுஷனின் ஆசையை வாசகர் அன்பு சாப்பிட்டுவிட்டது. சத்தமில்லாமல் கழுத்தில் பல் பதிப்பதற்குப் பெயர் என்ன, நீங்களே சொல்லுங்கள்.

ஹாரிஸின் சமகாலத்தவர்களையும் பார்த்துவிடலாம். லாரல் கே. ஹாமில்டனின் அனிதா பிளேக் தொடர் 1993ல் ஆரம்பித்தது. முப்பதாவது புத்தகம் 2023ல் வந்தது. கிறிஸ்டின் ஃபீஹனின் 'டார்க்' வரிசை 1999ல் தொடங்கி முப்பதைத் தாண்டிவிட்டது. எழுதட்டும், தாராளமாக எழுதட்டும். விருப்பத்தோடு நடத்துகிற கடையை யாரும் மூடச் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: நடத்த உரிமை உண்டென்றால் மூடவும் உரிமை உண்டா, இல்லையா?

*

உரிமை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கற்பனை இல்லை, நடந்தது.

எல்.ஜே. ஸ்மித் என்று ஓர் எழுத்தாளர். 1991ல் 'தி வாம்பயர் டைரீஸ்' எழுதியவர். டி.வி.யில் எட்டு சீசன் ஓடிய அதே 'வாம்பயர் டைரீஸ்'. அவரிடம் அந்தக் கதையைக் கேட்டு வாங்கியது, புத்தகங்களைத் தயாரித்துப் பதிப்பகங்களுக்குக் கொடுக்கிற ஒரு நிறுவனம். ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விஷயத்தின் கனம் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கூலிக்கு எழுதிக் கொடுப்பதாக ஒப்பந்தம். காப்புரிமை எழுதியவருக்கு இல்லை. கொத்தனார் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போக வேண்டியது போல.

2009ல் டி.வி. தொடர் வந்து, கதைக்கு மறுபடி மவுசு வந்தது. ஸ்மித் புதிய பாகங்கள் எழுதினார். யாரை யாரோடு சேர்ப்பது என்பதில் அவருக்கு ஒரு எண்ணம், அவர்களுக்கு ஒரு எண்ணம். 2011ல் அவரை நீக்கிவிட்டார்கள். அவருடைய கதையிலிருந்தே அவரை! அவர் பெயரைப் போட்டே வேறு ஆள் எழுதி அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. ஸ்மித் என்ன செய்தார்? ரசிகர்கள் ஆசைக்கு எழுதுகிற கதை மாதிரி, தான் உருவாக்கிய பாத்திரங்களை வைத்துத் தானே ஒரு ரசிகையாக எழுதி, அதற்கென்று இருந்த ஒரு மின்புத்தகத் திட்டத்தில் 2014லிருந்து வெளியிட்டார். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்க்கிற தாய் மாதிரி. 2025 மார்ச்சில் இறந்துபோனார்.

இந்தக் கதையைக் கேட்டால் எல்லாரும் ஸ்மித் பக்கம்தான் நிற்போம். 'அநியாயம், படைத்தவள் அவளல்லவா' என்போம். சரி. ஒரு நிறுவனம் எழுத்தாளரை ஒதுக்கிவிட்டு 'வியாபாரத்துக்கு இந்த முடிவுதான் வேண்டும்' என்றால் அநியாயம். ஒரு லட்சம் வாசகர்கள் சேர்ந்து, 'எங்களுக்கு இந்த முடிவுதான் வேண்டும்' என்று எழுத்தாளரின் கழுத்தில் கத்தி வைத்தால் அது மட்டும் அன்பா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எனக்குப் புரியவில்லை. ஒன்றில் லெட்டர்பேட் இருக்கிறது, அவ்வளவுதான்.

*

'அதெல்லாம் சரி மாமா, எரிக்கை அப்படி எழுதினது யாரு? அவங்கதானே? ஆசை காட்டிட்டு மோசம் பண்ணிட்டாங்க' என்றாள் பெண், போனில். கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நான் தீர்ப்பு எழுதினால் அது கள்ளத் தீர்ப்பு.

எந்த எரிக்? நாலாவது புத்தகத்தில், 2004ல், ஞாபகம் தப்பிப்போய் குழந்தை மாதிரி சூக்கியின் வீட்டில் ஒளிந்திருந்தானே, அந்த எரிக்கை எனக்கும் பிடித்தது. யாருக்குத்தான் பிடிக்காது? ஆயிரம் வருஷத் திமிர் மொத்தமும் கழன்றுபோய், அன்பு மட்டும் மிஞ்சிய ஆண். ஆனால் அதே புத்தகத்தின் கடைசியில் அவனுக்குப் பழைய ஞாபகம் திரும்பி, அந்த நாட்கள் மறந்துவிடுகின்றன. சில பாகங்கள் கழித்துத்தான் அதுவும் நினைவுக்கு வருகிறது. நினைவு வந்தது, அந்த மென்மையான எரிக் வரவே இல்லை.

வந்தவன் எந்த எரிக்? ஒன்பதாவது புத்தகத்தைப் பிரியுங்கள். சூக்கி கையில் ஒரு கத்தியைக் கொடுக்கவைத்து, மற்றவர்கள் முன்னால் அதை அவளிடமிருந்து வாங்கிக்கொள்கிறான். ரத்தக்காட்டேரிகளின் வழக்கப்படி அதற்குப் பெயர் கல்யாணம் என்பது, ஆன பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது! அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தானாம். கேட்காமல் தாலி கட்டிவிட்டு, 'உன் நல்லதுக்குத்தான்' என்கிற ஆணை நாம் பார்த்ததே இல்லையா? அவனுக்கு உயரமும் தங்க முடியும் இருந்துவிட்டால் மன்னித்துவிடலாமா?

முதல் காதலன் பில்? அந்த நிசப்தத்துக்காக அவள் மயங்கினாளே, அவன் ஊருக்கு வந்ததே லூசியானாவின் ரத்தக்காட்டேரி ராணி அனுப்பித்தான் என்று ஆறாவது புத்தகத்தில் உடைகிறது. அவளுடைய சக்தி ராணிக்குத் தேவை. அவளை மயக்கிக் கொண்டுவர ஆள் அனுப்பினாள்.

இப்போது முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். மனசின் சத்தம் கேட்காத ஆணிடம் அமைதி கிடைக்கும் என்று நம்பிப் போனாள் ஒரு பெண். பதின்மூன்று புத்தகத்தில் அவள் படித்த பாடம், சத்தம் கேட்கவில்லை என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை என்பதுதான். கேட்காத மனசில்தான் பெரிய திட்டங்கள் இருந்தன. சாமின் மனசு அவளுக்கு முழுசாகக் கேட்காது. கலங்கலாக, அரைகுறையாகக் கேட்கும். நம் வீட்டில் முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவரின் மனசு நமக்குக் கேட்கிறதே, அந்த அளவுக்கு.

பன்னிரண்டாவது புத்தகத்திலேயே ஹாரிஸ் பதிலைச் சொல்லிவிட்டார். சூக்கியிடம் ஒரே ஒரு வரம் இருக்கிறது. ஒருமுறைதான் பயன்படும். அதை வைத்துத் தன்னை இன்னொரு ராணிக்குக் கட்டிவைக்கிற ஏற்பாட்டிலிருந்து மீட்பாள் என்று எரிக் காத்திருக்கிறான். கண் முன்னால் சாம் செத்து விழுகிறான். யோசிக்கவே இல்லை, வரத்தை அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். யோசிக்காமல் செய்ததுதானே நிஜம்? அதைப் படித்த பிறகும் அடுத்த புத்தகத்தில் எரிக் வருவான் என்று காத்திருந்தால், தப்பு எழுதியவர் மேலா?

இன்னொன்றும் இருக்கிறது. தொடர் முழுக்க சூக்கிக்கு ஒரு பழக்கம்: நேரம் கிடைத்தால் கொல்லைப்புறத்தில் சாய்வு நாற்காலி போட்டு வெயிலில் படுத்துக்கொள்வாள். காசு செலவில்லாத ஒரே சுகம். ரத்தக்காட்டேரியாக மாறும் யோசனையைத் திரும்பத் திரும்ப மறுக்கிறாள். வெயில் வேண்டும், வயசாக வேண்டும். அப்படிப்பட்டவளைச் சாகாதவன் கையில் கொடுத்திருந்தால் வாசகி கைதட்டியிருப்பாள், சூக்கி செத்திருப்பாள்.

*

ஹாரிஸுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட மாட்டேன். கடைசிப் புத்தகத்தில் அவசரம் தெரிகிறது. பழைய ஆட்களெல்லாம் கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போல வரிசையாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். அதையாவது மன்னிக்கலாம். அதே 2013 அக்டோபரில், 'ஆஃப்டர் டெட்' என்று இன்னொரு சின்னப் புத்தகம் வந்தது. அதற்குப் பிறகு யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஏ முதல் இஸட் வரை பட்டியல். சூக்கிக்கும் சாமுக்கும் கல்யாணம், குழந்தைகள் என்று துணுக்குத் துணுக்காக. இது நாவல் இல்லை, டெலிபோன் டைரக்டரி. கடையைக் கம்பீரமாகச் சாத்திவிட்டு, ஷட்டருக்கு அடியில் கையை நீட்டி ஒரு பொட்டலம் விற்றது மாதிரி. இதைப் படித்துவிட்டுத் திட்டிய வாசகிகளோடு நானும் சேர்ந்து திட்டுகிறேன். அது வாடிக்கையாளரின் உரிமை!

ஆனால் பெரிய விஷயத்தில் அந்த அம்மணி அசையவில்லை. மிரட்டலுக்குப் பயந்து எரிக்கை அருவியிலிருந்து மேலே ஏற்றவில்லை. பதினான்காவது நாவல் எழுதவில்லை. வேறு ஊர், வேறு ஆட்கள் என்று புதிய கதைகளுக்குப் போய்விட்டார். விற்றுக்கொண்டிருந்த சரக்கை நிறுத்துவது எவ்வளவு பெரிய தைரியம் என்பது கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

டி.வி.க்காரர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். 2014ல் 'ட்ரூ பிளட்' முடிந்தபோது, சூக்கி யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டு நிறைமாதக் கர்ப்பிணியாக இருப்பதாகக் காட்டினார்கள். புருஷன் யார்? முகத்தைக் காட்டவே இல்லை! எந்தக் கட்சிக்கும் கோபம் வரக் கூடாதாம். எல்லாருக்கும் கோபம் வந்ததுதான் மிச்சம். எல்லாரையும் திருப்திப்படுத்த நினைத்தால் மாப்பிள்ளைக்கு முகம் இருக்காது.

*

தீர்ப்பைப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவள் மனசில் என்ன ஓடுகிறதென்று எனக்குக் கேட்கவில்லை.

"நீங்க மட்டும் யோக்கியமா மாமா? பாட்டி பத்திரிகைக்குக் கார்டு போட்ட கதையை அம்மா சொல்லியிருக்கா" என்றாள்.

உண்மைதான். என் அம்மா, அவளுடைய பாட்டி, எண்பதுகளின் கடைசியில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்துச் சேர்த்துவைத்தவள். ஒரு தொடரில் கதாநாயகியின் புருஷன் செத்துவிட, 15 பைசா கார்டில் எழுத்தாளருக்கு எழுதினாள். 'நீங்கள் செய்தது சரியில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு வயசுதான் ஆகிறது.' என்னைத்தான் போஸ்ட் பாக்ஸில் போடச் சொன்னாள். பதில் வரவில்லை. புருஷனும் பிழைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் அம்மா முதலில் பிரித்தது அந்தத் தொடரைத்தான். முடிந்த பிறகு அதையும் கிழித்து, ஊசி நூல் எடுத்துத் தைத்து, அட்டை போட்டு வைத்தாள்.

திட்டு. அழு. கார்டு போடு. வேண்டுமானால் தூக்கி எறி. அப்புறம் எடுத்துத் தைத்து அலமாரியில் வை. வாசகர் செய்யலாம் என்று நான் சொல்வது அவ்வளவையும்தான்.

பதின்மூன்று புத்தகங்களும் என் மேஜையில் இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். மூலையில் போய் விழுந்த பதின்மூன்றாவதுக்கு மட்டும் அட்டை கிழிந்திருக்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.